வாசகர் கேள்வி - பதில்: மொதல்ல ரெண்டு இட்லி சொல்லுங்க

கே: அடுத்த மாசம் சென்னைல இருக்க பொண்ணு வீட்டுக்குப் போறோம். எங்க கல்யாண நாளுக்கு இத்தாலியன் சாப்பாடுதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஸ்டார் ஓட்டல்லாம் வேணாம், சாதாரணமா உக்காந்து பேசிக்கிட்டே சாப்பிடுற மாதிரி நல்ல கடைய எப்படிக் கண்டுபிடிக்கிறது? மாமியார் சுத்த சைவம்.
- வாசகி, கே.கே.நகர், மதுரை

ப: கடை பேரயே எழுதிரலாம், ஆனா நீங்க போற அன்னிக்கு மாஸ்டர் மாறிருந்தா திட்டு எனக்குத்தான் விழும். நம்மூர்ல புதுசா ஒரு கடை திறந்தா மொதல்ல என்ன சொல்வோம், ரெண்டு இட்லி, அது சரியில்லன்னா மத்தத கேக்காமயே கை கழுவிட்டு வந்துருவோம்ல, அதேதான் இங்கயும். இத்தாலியன் கடைல இட்லின்னா மார்கரீட்டா பீட்சா (தக்காளி, சீஸ், துளசி மாதிரி ஒரு இலை, அவ்வளவுதான்), இல்லன்னா ஆலியோ ஓலியோங்கிற பாஸ்தா. நூல் மாதிரி நீளமா இருக்க ஸ்பகெட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் மிளகா வத்தல், அவ்வளவுதான், தப்ப மூடி மறைக்க க்ரீம் கிடையாது, பூண்டு கருகிருந்தா மொத வாய்லயே காட்டிக் குடுத்துரும்.

மெனுவ போன்லயே பாத்துருங்க. பாஸ்தாவுக்குப் பக்கத்துலயே கோபி மஞ்சூரியன், நாச்சோஸ்னு இருபது பக்கம் போச்சுன்னா அடுத்த கடைய பாருங்க. நேரத்தையும் கவனிங்க: பீட்சா சட்டுனு வந்தா சந்தோஷம், இத்தாலில பீட்சாவுக்குப் பேர்போன நேப்பிள்ஸ் ஊர்ல விறகு அடுப்புல 60லருந்து 90 செகண்டுல எடுத்துருவாங்க (அந்தக் கலைய 2017ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்துட்டாங்க, நம்ம பரோட்டா மாஸ்டருக்கு எப்பவோ தெரியல). ஆனா காஞ்ச ஸ்பகெட்டி வேகவே எட்டு பத்து நிமிஷம் ஆகும், அது ரெண்டு நிமிஷத்துல டேபிளுக்கு வந்தா முன்னாடியே வேகவச்சு எடுத்து வச்சதுன்னு அர்த்தம்.

வந்ததும் நான் பண்ண கூத்த பண்ணிராதீங்க. மொத தடவ சாப்பிட்டப்ப நடுவுல லேசா கடிபட்டுச்சு, "தம்பி, வேகவே இல்லயேப்பா"ன்னேன். "சார் அதான் அல் டெண்டே, பல்லுல தட்டுப்படணும்"னு அந்தப் பையன் பொறுமையா சொன்னான், நான் கேக்கலயே, திருப்பி அனுப்பி வேகவச்சு வாங்குனேன், வந்தது தண்ணி கூடிப்போன சேமியா உப்புமா. வாயத் தொறக்காம சாப்பிட்டு வந்தேன்.

மாமியார் விஷயத்துல மட்டும் ஜாக்கிரத. அசல் பார்மிஜானோ ரெஜியானோ சீஸ்ல பால திரிய வைக்கிறது கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்குற ரெனட், அதனால மெனுல காய்கறி பாஸ்தான்னு இருந்தாலும் மேல தூவுற சீஸ் எதுன்னு கேளுங்க. நம்ம நாட்டுல வெஜிடேரியன் ரெனட்ல செஞ்ச சீஸ் நிறையா கிடைக்குது, கடைக்காரர் பாக்கெட்ட எடுத்துக் காட்டுனார்னா பச்சப் புள்ளி இருக்கான்னு பாத்துக்கலாம். முழிச்சார்னா அவங்களுக்கு மட்டும் சீஸ் இல்லாம ஆலியோ ஓலியோ சொல்லிருங்க.

கே: இத்தாலியன் கடை போர்டுல ட்ராட்டோரியா, ஆஸ்டீரியான்னு போடுறாங்களே, என்ன வித்தியாசம்?
- வாசகர், திருமங்கலம்

ப: ஆஸ்டீரியா முன்னாடி ஒயின் ஊத்துற இடம், கூட கொஞ்சம் சாப்பாடு. ட்ராட்டோரியா குடும்பமா நடத்துற வீட்டுச் சாப்பாட்டுக் கடை, ரிஸ்டொரான்டேன்னா கொஞ்சம் பகட்டு. இங்க போர்ட நம்பாதீங்க, நம்மூர்லயே மெஸ்னு போர்டு போட்டு ஏசி ஹால்ல பில்லு தீட்டுறாங்களே.