பாணிக்குப் பெயர் வைக்கலாமா?

கேள்வி: என் மகள் இங்கே ஓவியம் படிக்கிறாள். அவளும் நண்பர்களும் சிக்குக் கோலத்தை அக்ரிலிக்கில் வரைந்து, இது புதிய பாணி என்கிறார்கள். அதற்கு ஒரு பெயர் சூட்டி, கொள்கை அறிக்கை அச்சடித்து, கண்காட்சி வைக்கப் பணம் கேட்கிறாள். கொடுக்கலாமா? படங்களை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, ஆர்.கே.புரம், புதுதில்லி

பதில்: கண்காட்சிக்குக் கொடுங்கள். பெயருக்கும் அறிக்கைக்கும் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

உங்கள் தில்லியில் நடந்ததையே சொல்கிறேன். சிம்லாவில் பிறந்த தமிழர், ஓவியர் ஜே. சுவாமிநாதனும் இன்னும் 11 பேரும் சேர்ந்த ‘குரூப் 1890’ என்ற ஓவியர் குழு, 1962-ல் குஜராத்தின் பாவ்நகரில் உருவானது. 1890 என்பது ஆண்டு இல்லை, அவர்கள் கூடிய வீட்டின் கதவு எண். 1963-ல் தில்லியில் கண்காட்சி வைத்தார்கள். நேரு திறந்துவைத்தார், மெக்சிகோ கவிஞர் ஆக்டேவியோ பாஸ் முன்னுரை எழுதினார், காரசாரமான அறிக்கையும் இருந்தது. அந்த ஒரு கண்காட்சியோடு சரி. அப்புறம் அவரவர் வழியில் போய்விட்டார்கள்.

புதிய பாணி ஒன்று அதே சுவாமிநாதனின் கண்ணெதிரில் பிறந்தது, சுமார் இருபது வருடம் கழித்து, போபாலில். 1982-ல் அங்கே திறக்கப்பட்ட பாரத் பவன் என்ற கலை மையத்துக்காக அவர் கிராமங்களுக்கு அனுப்பிய இளைஞர்கள், பாட்டன்கட் என்ற ஊரில் ஒரு சுவர் ஓவியத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். வரைந்தவர் ஜன்கட் சிங் ஷ்யாம். பர்தான் கோண்டு என்ற பழங்குடி இனத்தவர். தலைமுறை தலைமுறையாக ‘பானா’ என்ற நரம்பு வாத்தியத்தை இசைத்துத் தெய்வக் கதை பாடுகிறவர்கள். போபாலுக்கு வந்து, காகிதமும் போஸ்டர் கலரும் கைக்குக் கிடைத்ததும், பாட்டில் மட்டுமே இருந்த தெய்வங்களுக்கு அவர் உருவம் கொடுத்தார். அவருடைய மானின் கொம்பு கிளைவிட்டு மரமாகும். உடம்பு முழுக்கப் புள்ளியும் பொடிக் கோடும் ஊரும். உறவுக்காரப் பிள்ளைகள் உதவிக்கு வந்து, பிறகு ஆளுக்கொரு புள்ளி வரிசையைத் தங்களுக்கென்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். ‘ஜன்கட் கலம்’ (ஜன்கட் பாணி) என்ற பெயர் அதற்கப்புறம் பார்த்தவர்கள் வைத்தது.

மகளின் மூன்றாவது படத்தை வெகுநேரம் பார்த்தேன். மற்றவை அழகாக இருக்கின்றன, ஆனால் வாசலில் பார்த்த கோலம்தான். மூன்றாவதில் மட்டும், புள்ளியைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே சேரவேண்டிய கோடு சேராமல், படத்தின் ஓரம்வரை ஓடி அறுந்து நிற்கிறது. அவள் தெரிந்தே அப்படி விட்டாளா, கை தவறியதா? கேட்டுப் பாருங்கள். எப்படியானாலும் அந்த இடம் அவளுடையது. கண்காட்சிக்கு முன்னால் அந்த ஒரு கோட்டையே இன்னும் ஐம்பது படங்களில் வரையச் சொல்லுங்கள். கேன்வாஸுக்கும் வண்ணத்துக்கும் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.