நூலகர் அக்கா பதில்கள்: தேடுபெட்டியில் என்ன எழுதுவது?

கேள்வி: அக்கா, வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத் தொழிலாளராக உழைத்த தமிழ்ப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். பல்கலைக்கழக நூலகத் தரவுத்தளத்தில் என் கேள்வியை அப்படியே ஆங்கில வாக்கியமாக எழுதினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. எதைத் திறந்தாலும் காந்தி. ‘காந்தி வேண்டாம்’ என்று கழித்தேன். உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை.
– முதுகலை மாணவன், சாட்ஸ்வர்த்

பதில்: தம்பி, கழித்ததுதான் வினை. ‘வேண்டாம்’ என்று பொருள்படும் ‘நாட்’ (NOT) போட்டு ஒரு பெயரைத் தள்ளினால், முழுப் பாடத்தையும் தேடும் தளங்களில் அடிக்குறிப்பில் ஒருமுறை அந்தப் பெயர் வந்த கட்டுரையும் சேர்ந்தே போய்விடும். 1893 முதல் 1914 வரையிலான நேட்டாலைப் பற்றி எழுதுகிறவர் காந்தியைச் சொல்லாமல் எப்படி எழுதுவார்? கழித்தே தீர வேண்டுமென்றால் தலைப்புப் புலத்தில், அதாவது தலைப்பை மட்டும் தேடும் பெட்டியில், கழியுங்கள்.

அடுத்து, வாக்கியத்தை உடையுங்கள். உங்களுக்கு வேண்டியவை மூன்று: இடம், ஒப்பந்த உழைப்பு, பெண்கள். ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சொற்களைத் திரட்டி, அவற்றுக்கு இடையே ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ (OR) போட்டு, அடைப்புக்குறிக்குள் வையுங்கள். மூன்று அடைப்புகளையும் ‘மற்றும்’ என்று பொருள்படும் ‘ஆண்ட்’ (AND) கொண்டு இணையுங்கள். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் எதை எதோடு சேர்ப்பது என்பதை இயந்திரம் தன் விருப்பப்படி முடிவு செய்யும். ‘லேபர்’ என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் ‘யூ’ சேர்த்தும் அமெரிக்கர்கள் அது இல்லாமலும் எழுதுவார்கள், இரண்டையும் கொடுங்கள். ஒப்பந்த உழைப்பைக் குறிக்கும் ‘இன்டென்ச்சர்’ (indenture) என்ற சொல்லில் கடைசி ‘ஈ’யை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறியிட்டால் அதன் எல்லா வடிவங்களும் கிடைக்கும். அவசரப்பட்டு ‘இன்டென்ட்’ (indent) என்றே நிறுத்தினால், பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளுவது பற்றிய குறிப்புகளும் வந்து சேரும்.

இனி, கசப்பான ஒன்று. ‘கூலி’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். இந்த நாட்டில் அது வசை. என் வீட்டில் யாரும் அதை உச்சரிப்பதில்லை. ஆனால் நம்மவர் குறைகளை விசாரிக்க 1872இல் நேட்டாலில் அமைத்த குழுவுக்கே ‘கூலி கமிஷன்’ என்றுதான் பெயர். அந்தக் காலத்து ஆவணம் அந்தக் காலத்து எழுத்தன் எழுதிய சொல்லுக்குத்தான் அகப்படும். நம் தன்மானம் அதற்குத் தெரியாது.

ஒரேயொரு நல்ல கட்டுரையோ நூலோ கிடைத்ததும் அதன் பதிவைத் திறந்து, ‘சப்ஜெக்ட்’ என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளைப் பின்பற்றும் பட்டியல்களில் நம்மை நெடுங்காலமாக ‘ஈஸ்ட் இண்டியன்ஸ், சவுத் ஆப்பிரிக்கா’ என்றே குறித்து வந்திருக்கிறார்கள். சாட்ஸ்வர்த்தில் பிறந்த எவருக்கு அந்தப் பெயர் தோன்றும்? அதைச் சொடுக்குங்கள், உங்கள் சொற்கள் எதுவும் இல்லாத நூல்களும் வரிசையில் வந்து நிற்கும்.

கேள்வி: அம்மா, எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்தவர். கப்பல் பட்டியல் தரவுத்தளத்தில் ‘கோவெண்டர்’ என்று எங்கள் குடும்பப் பெயரைக் கொடுத்தால் அவர் இல்லை.
– ஒரு பாட்டி, டொங்காட்

பதில்: அம்மா, 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திறங்கினார்கள். அந்தப் பட்டியல்களில் இன்றைய பொருளில் குடும்பப் பெயர் கிடையாது. ஆளின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் என்று இருக்கும். ஆகவே கோவெண்டரை விட்டுவிட்டு, தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். காதில் விழுந்தபடி எழுதியவர்கள் முனுசாமியைப் பல விதமாக எழுதியிருப்பார்கள்; முதல் சில எழுத்துகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண்ணான ‘கொலோனியல் நம்பர்’ வீட்டுப் பழைய காகிதங்களில் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். எண்ணுக்கு எழுத்துப்பிழை இல்லை.

தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுதளத்திலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அங்கே கோப்பின் தலைப்பு விவரம் மட்டுமே தேடப்படும், உள்ளே இருப்பது அல்ல. ஓரிரு சொற்களே போதும். அவர் சொத்து விட்டுச் சென்றிருந்தால் அந்தக் கோப்பில் உள்ள மரண அறிவிப்பில் பெற்றோர் பெயர் இருக்கக்கூடும்.

கேள்வி: உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான ‘வேர்ல்ட்கேட்’ தளத்தில் திருக்குறளின் பழைய பதிப்புகள் சரியாக வரவில்லையே?
– லெனேஷியா வாசகர்

பதில்: ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’க்குப் பின் ‘எச்’ போட்டிருப்பீர்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத நூலகங்கள் கையாளும் ஒலிபெயர்ப்பில் அது கிடையாது. சிலப்பதிகாரமும் ‘எஸ்’ஸில் தொடங்காது, ‘சி’யில்தான் (C) தொடங்கும். ஜி.யு. போப்பின் 1886 மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் தலைப்பையே நம்பாதீர்கள். அவர் ‘குறள்’ என்பதை இரண்டு ‘ஆர்’ போட்டு அச்சிட்டார். ஆசிரியர் புலத்தில் ‘போப்’, ஆண்டில் 1886 என்று கொடுங்கள்.