ஒரு அந்தர் யூரியாவுக்கு ஒரு அந்தர் அமோனியம் சல்பேற்று போதுமா?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் 3 ஏக்கர் வெள்ளாமை. இந்தத் தரம் 2 அந்தர் (50 கிலோப் பை இரண்டு) யூரியா போட இருந்தேன், கடையில் இல்லை. அமோனியம் சல்பேற்று இருக்கிறது, "அந்தருக்கு அந்தர் போடலாம்" என்கிறார் கடைக்காரர். உயர்தரம் படிக்கும் மகள் யூரியாவில் நைதரசன் 46.67 சதவீதம் என்கிறாள். பையில் 46 என்றுதான் இருக்கிறது. அதிலும் ஏமாற்றா?

பதில்: மகள் சொன்ன கணக்குச் சரி ஐயா. அணுத்திணிவைக் கூட்டினால் யூரியாவில் காபன் 12, ஒட்சிசன் 16, நைதரசன் இரண்டு சேர்ந்து 28, ஐதரசன் 4. மொத்தம் 60. அதில் 28 என்றால் 46.67 சதவீதம். ஆனால் அது சுத்த யூரியாவுக்கு. பைக்குள் கொஞ்சம் ஈரமும் வேறு கலப்பும் இருக்கும், அதனால்தான் 46. ஏமாற்று இல்லை.

கடைக்காரர் சொன்னதுதான் பிழை. அமோனியம் சல்பேற்றின் மொத்தத் திணிவு 132, அதிலும் நைதரசன் அதே 28தான். கந்தகமும் ஒட்சிசனும் பாரத்தைக் கூட்டிவிடுகின்றன. ஆகவே 21 சதவீதம். 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன், இதில் பத்தரைக் கிலோ. உங்கள் 2 அந்தர் யூரியாவில் 46 கிலோ வருகிறது. அதை 0.21 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 219 கிலோ, அதாவது 4 அந்தரும் இன்னும் 19 கிலோவும். அந்தருக்கு அந்தர் போட்டால் பயிருக்குப் பாதிச் சாப்பாடுகூடக் கிடைக்காது. பத்துப் பதினைந்து நாளில் அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளிக்கும். அப்போது பூச்சி என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓடுவோம்!

விலையையும் இப்படியே பாருங்கள். இந்தப் பை யூரியாப் பையின் பாதி விலைக்கும் கீழே இருந்தால்தான் நைதரசனுக்குக் கட்டுபடியாகும். கந்தகம் 24 சதவீதம் சும்மா வருகிறது, உண்மைதான். ஆனால் அது தேவைப்படும் வயலுக்குத்தான் லாபம். அடியிலை பச்சையாக இருக்க, புது இலை வெளிறினால் கந்தகக் குறையைச் சந்தேகிக்கலாம்.

ரிஎஸ்பி என்ற பொசுபரசு உரப் பையிலும் 46 என்று இருக்கும், அதை யூரியாவின் 46 போல எடுக்காதீர்கள். அது பொசுபரசு ஐந்தொட்சைட்டுக் கணக்கு. பைக்குள் அப்படி ஒரு பொருளே கிடையாது, பழைய எழுத்து வழக்கம் அவ்வளவுதான். அந்த ஒட்சைட்டில் பொசுபரசு 43.7 சதவீதம் என்பதால், 50 கிலோப் பையில் உண்மையான பொசுபரசு சுமார் 10 கிலோ.

அமோனியம் சல்பேற்றைச் சுண்ணாம்புடனோ சாம்பலுடனோ கலக்க வேண்டாம். கலந்த உடனே மூக்கில் ஏறுகிற நெடிதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நைதரசன். வயலில் கால் வைத்தால் கூழ்முட்டை நாற்றம் வருகிறதா? அப்படியானால் இதைப் போடாமல், முதலில் தண்ணீரை வடித்து நிலத்தைக் கொஞ்சம் ஆறவிடுங்கள்.