சிதம்பரத்தில் உள்ளூர்ச் செய்தி சேகரிப்பு: கேள்வி பதில்

சார், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்தில் குப்பை அள்ளுவதில்லை. நகராட்சி ஆணையரிடம் கருத்து கேட்டால் போதுமா?

அவரைக் கேட்டுப் பயனில்லை. அண்ணாமலைநகர் தனிப் பேரூராட்சி, சிதம்பரம் நகராட்சியில் சேராது. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் செயல் அலுவலர். வளாகத்துக்குள் என்றால் பதிவாளர். இது தெரியாமல் எழுதினால் மறுநாளே மறுப்பு வரும்.

நகர்மன்றக் கூட்டத்தில் சத்தம்தான் காதில் விழுகிறது. எதை எழுதுவது?

வெளிநடப்பை எல்லாரும் எழுதுவார்கள், அதை இரண்டு வரியில் முடியுங்கள். அஜெண்டாவை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். "அவசர அவசியம் கருதி, தலைவரின் முன் அனுமதி பெற்று" என்று தொடங்கி "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்று முடியும் பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த வேலை நடந்து முடிந்திருக்கும். எவ்வளவு தொகை, எந்த நிதி, அவசரம் உண்மையா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மோட்டார் பழுது அவசரம்தான்; நாற்காலி வாங்குவதில் என்ன அவசரம்? கூட்டத்தன்று கடைசி நேரத்தில் வரும் டேபிள் அஜெண்டாவை விட்டுவிடாதீர்கள். உறுப்பினர்களே படிக்காத தாள் அதுதான்.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டேன், "தகவல் இல்லை" என்று பதில் வந்தது.

"ஏன் ரோடு மோசம்?" என்று கேட்டிருப்பீர்கள். காரணம் கேட்டால் கிடைக்காது, ஆவணத்தைக் கேளுங்கள்: தெரு பெயர், நிதியாண்டு, மதிப்பீடு, பணி ஆணை, எம் புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்), இறுதி பில். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எம் புக் கைக்கு வந்ததும் டேப்போடு தெருவுக்குப் போங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். ஓரத்தில் 10 செ.மீ. தான் இருக்கிறதா? தெரு முழுக்க அப்படியென்றால் 15 கன மீட்டர் குறைகிறது. ஆனால் ஓரத்தில் ஓரிடம் அளந்துவிட்டு ஊழல் என்று எழுதாதீர்கள். ஓரம் மெலிந்திருப்பது சகஜம். போட்ட கான்கிரீட்டின் சான்றளித்த மாதிரியைக் கேட்கவும் ஆர்.டி.ஐ. சட்டம் 2(ஜே) பிரிவில் உரிமை உண்டு. பொறியாளரின் விளக்கத்தையும் வாங்கிய பிறகே எழுதுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கும் ஆர்.டி.ஐ. போடலாமா?

தாராளமாக. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது அரசுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

ராகிங் புகார் என்றால், சார்?

கேள்விப்பட்டதை நம்பாதீர்கள் தம்பி, எஃப்.ஐ.ஆர். (போலீசின் முதல் தகவல் அறிக்கை) இருக்கிறதா பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டப் பிரிவு போட்டிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவர் பெயரை மறைத்துவிட்டு துறை, ஆண்டு, சொந்த ஊர் மூன்றையும் போட்டால், விடுதியில் ஐந்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். துறையும் ஊரும் வேண்டாம்.