உரிமைக்காகப் பேசுவது குற்றமாகுமா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைகள் குறித்துத் தோட்ட மண்டபத்தில் ஒரு கலந்துரையாடலை ஒழுங்கு செய்தோம். கோவில் கமிட்டியினர் எதிர்த்ததால் மண்டபம் மறுக்கப்பட்டது. இதைப் பேசுவதே குற்றம் என்றும் பொலிஸில் பிடித்துக் கொடுக்கப் போவதாகவும் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் கூறுகிறார். எங்களுள் ஒருவரைப் பற்றி லயமெங்கும் சொல்லிவிடுவதாக மிரட்டி இன்னொருவர் பணம் கேட்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: தலைவர் கூறுவது தவறு. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை என்பது உண்மையே. எனினும் அவை தண்டிப்பது குறித்த சில பாலியல் செயல்களையும் அவற்றுக்கு உடந்தையாக இருப்பதையுமேயன்றி, ஒருவருடைய ஈர்ப்பையோ, அச்சட்டத்தை மாற்ற வேண்டும் என்று அவர் வாதிடுவதையோ அல்ல. அப்பிரிவுகளைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றமே தீர்மானித்தது. 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அச்சட்டமூலம் வீழ்ந்துவிட்டது. ஆயினும் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டு நீதிமன்றத்தில் வாதிடப்பட்ட ஒரு கோரிக்கையைத் தோட்டத்தில் பேசினால் மட்டும் குற்றம் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. பேச்சு, அமைதியாக ஒன்றுகூடுதல், சங்கமாகச் சேர்தல் ஆகியவற்றை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை எல்லாப் பிரசைகளுக்கும் உறுதிப்படுத்துகிறது.

மண்டப விடயத்தில் சற்று நிதானம் தேவை. அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகவே செல்லுபடியாகும் என்பதால், கோவில் கமிட்டியோ தனியார் கம்பனியோ தன் மண்டபத்தை மறுத்தால் அந்த வழி திறக்காது. ஆகவே பிரதேச சபை மண்டபத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்; அங்கே காரணமின்றி மறுக்கப்பட்டால் அது ஓர் அரச நிறுவனத்தின் தீர்மானமாகிவிடும். அத்தீர்மானத்துக்கு எதிராக 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரு மாதமே அவகாசம் உண்டு. அம்மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த அவகாசத்தில் சேர்க்கப்படாது. ஆணைக்குழுவுக்குக் கண்டியில் பிராந்திய அலுவலகம் இருப்பதால் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. ஊர்வலம் செல்வதாயின், குறைந்தது ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் பொலிஸாருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி பெற வேண்டும். எதிர்ப்பாளர்கள் முதலில் தேடுவது இத்தகைய சிறு தவறுகளையே.

நீங்கள் அரச ஆசிரியையாயின், அரச ஊழியர்களுக்கான விதிகளின் தொகுப்பாகிய தாபனக் கோவையின் 47ஆம் அத்தியாயம் உங்களைக் கட்டுப்படுத்தும். ஊடகங்களுக்குக் கருத்துச் சொல்வதை வேறொரு நண்பரிடம் விடுங்கள். பாடசாலையின் பெயரையும் மாணவர்களையும் இதில் எவ்விதத்திலும் சேர்க்காதீர்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் அழைப்பது, பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்ற வழக்கமான குற்றச்சாட்டுக்கு இடங்கொடாது.

பணம் கேட்பவர் செய்வதுதான் இங்கே குற்றம். கப்பம் கோருவதும் குற்றமுறையான அச்சுறுத்தலும் அதே சட்டக்கோவையின் கீழ் தண்டனைக்குரியவை. இவ்வாறு மிரட்டப்படுவோரில் பலர், முறையிடப் போய்த் தாமே மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சி மௌனமாகப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். அந்த அச்சம் ஆதாரமற்றதென்று நான் சொல்லமாட்டேன். ஏனெனில் 365அ பிரிவு வீட்டுக்குள் நடப்பதையும் விட்டுவைக்கவில்லை. அதனால் உங்கள் நண்பர் சட்டத்தரணி ஒருவருடன் சென்று, யார், எப்போது, எவ்வளவு கேட்டார், என்ன சொல்லி மிரட்டினார் என்பதை மட்டுமே முறைப்பாட்டில் கூற வேண்டும். தமது அந்தரங்க உறவு பற்றி எதையும் கூற வேண்டியதில்லை. குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு கேளுங்கள். சிங்களத்தில் எழுதப்பட்டு, உங்களால் வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத எதிலும் கையொப்பமிட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறாமல் நிலையத்தை விட்டு வெளியேறவும் வேண்டாம்.