கார் கேரியரில் முதல் வேலை: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எனக்கு வயது 24. கனரக வாகன உரிமம் எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். என்றாலும், புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் கேரியர் வண்டியில் சேர வேண்டும் என்பதே என் விருப்பம். விசாரித்த இடங்களிலெல்லாம் ‘டிரெய்லர் ஓட்டிய அனுபவம் உண்டா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் அவர்கள் ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பது புரிந்தால்தான் வழியும் புலப்படும். கண்டெய்னர் ஓட்டுபவர் சீல் வைத்த பெட்டியைக் கொண்டுபோய், சீல் உடையாமல் இறக்கிவிட்டால் அவருடைய பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கேரியர் டிரைவரோ ஒவ்வொரு காரையும் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் ஏற்றி, சக்கரங்களைப் பெல்ட்டால் கட்டி, பல மாநிலங்களைத் தாண்டிக் கொண்டுபோய், ஷோரூமில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஏற்றியிருக்கும் கார்களின் மொத்த விலை பல நேரங்களில் வண்டியின் விலையையே தாண்டிவிடும் என்பதால், உரிமம் மட்டும் வைத்திருப்பவரை நம்பி எந்த முதலாளியும் சாவியைக் கொடுக்கத் தயங்குவார்.

ஆகவே, அவர்கள் கேட்கும் அனுபவத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நீளமான வண்டியைத் திருப்பவும் ரிவர்ஸ் எடுக்கவும் தெரிந்திருப்பது ஒன்று. புதுக் காரைக் கீறாமல் கையாளத் தெரிந்திருப்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ள உங்கள் ஊரைச் சுற்றியே இடம் இருக்கிறது.

முதலாவதற்குத் துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம், விச்சூர் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளுக்கும் இடையே ஓடும் குறுந்தொலைவு டிரெய்லர் வேலையே நல்ல பள்ளிக்கூடம். வரிசையில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும் என்பதால் அனுபவசாலிகள் பலர் அதை விரும்புவதில்லை. அதனாலேயே புதியவர்களுக்கு அங்கே இடம் கிடைக்கிறது. குறுகிய யார்டுக்குள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து டிரெய்லரைப் பின்னால் செலுத்தும் பழக்கம், நெடுஞ்சாலையில் நேராக ஓட்டிக்கொண்டே இருந்தால் வராது. கையில் இன்னும் தைரியம் வரவில்லை என்றால், கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி மையத்தில் விசாரியுங்கள். உங்கள் ஊரிலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். உங்கள் உரிமத்தில் டிரெய்லர் ஓட்டவும் அனுமதி இருக்கிறதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளவும் மறக்காதீர்கள்.

இரண்டாவதற்கு ஏற்றுமதிக் கார்கள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளில் தயாராகும் கார்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்தும், அத்திப்பட்டுக்கு அருகிலுள்ள காமராஜர் துறைமுகத்திலிருந்தும் கப்பல் ஏறுகின்றன. இந்தக் கப்பல்களில் காரைக் கிரேன் தூக்கி வைப்பதில்லை. யார்டிலிருந்து ஒவ்வொரு காரையும் ஒரு டிரைவர் ஓட்டிச்சென்று கப்பலுக்குள் நிறுத்துகிறார். இந்த வேலைக்கும், டீலர்களின் ஸ்டாக் யார்டில் கார்களை இடம் மாற்றி நிறுத்தும் வேலைக்கும் ஒப்பந்தக்காரர்கள் ஆள் எடுப்பதுண்டு. சம்பளம் பெரிதாக இராது. ஆனால் ‘இத்தனை மாதம் கார் யார்டில் இருந்தேன், என் பெயரில் ஒரு சேதமும் பதிவாகவில்லை’ என்று சொல்லிக்கொள்ள முடிவது கேரியர் முதலாளியிடம் எந்தச் சான்றிதழையும்விட எடுபடும்.

அங்கே என்ன கற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நேர்முகத்தில் கேட்கப்போவது இவற்றைத்தான். காரைப் பொறுப்பேற்கும்போதே அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். நேராக நின்று பார்த்தால் கதவிலுள்ள சிறு நெளிவு கண்ணுக்குத் தெரியாது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால், பெயின்ட்டில் விழும் யார்டு விளக்கின் பிம்பம் எங்கே வளைகிறதோ அங்கே நெளிவு இருக்கிறது. அதை அப்போதே எல்.ஆரில் (சரக்கோடு போகும் லாரி ரசீதில்) எழுதி, ஒப்படைப்பவரின் கையெழுத்தை வாங்காவிட்டால், இறக்குமிடத்தில் அது உங்கள் கணக்கில் ஏறிவிடும். ரேம்ப்பில் ஏற்றும்போது முன் பம்பரின் அடி விளிம்பு உரசுவது ரேம்ப் தொடங்கும் இடத்தில்தான். அங்கே அவசரப்படக் கூடாது. மேல்தட்டுக்கும் கீழே நிற்கும் காரின் கூரைக்கும் நடுவே இடைவெளி விடும்போது, சாலைப் பள்ளத்தில் கார் தன் ஸ்பிரிங்கில் எம்பும் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றி அல்லது மடக்கி, கண்ணாடிகளை மடித்து, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பெல்ட்டை டயரின் மேலாகக் கொடுத்து இறுக்கிய பிறகும் வேலை முடிவதில்லை. சில கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஓரங்கட்டி, தளர்ந்த பெல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டின் பக்கிள், கைக்கடிகாரம், மோதிரம், பேன்ட்டில் தொங்கும் சாவிக்கொத்து ஆகியவற்றோடு புதுக் காரின் அருகே போவதே தவறு. நேர்முகத்துக்குப் போகும்போது இவற்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அனுபவமுள்ள சூப்பர்வைசர் அதை உடனே கவனிப்பார்.

பிறகு, அலுவலக வாசலில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், கேரியர்கள் நிற்கும் இடங்களுக்கே நேரில் சென்று டிரைவர்களிடம் பேசுங்கள். புது ஆள் தேவைப்படும்போது முதலாளிகள் முதலில் கேட்பது தங்கள் பழைய டிரைவர்களைத்தான். இரண்டாவது டிரைவராகவோ உதவியாளராகவோ சில டிரிப் போகச் சம்மதியுங்கள். ஹெவி லைசென்ஸ் வைத்துக்கொண்டு கிளீனர் இருக்கையில் உட்காருவதா என்று நினைக்க வேண்டாம். தட்டுகளை உயர்த்தி இறக்கும் ஹைட்ராலிக் இயக்கத்தை வேறெங்கும் கற்றுக்கொள்ள முடியாது.

கேள்வி: என் தம்பிக்குக் கேரியர் கம்பெனியில் வேலை வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் முன்பணம் கேட்கிறார். அசல் ஓட்டுநர் உரிமத்தையும் கம்பெனியே வைத்துக்கொள்ளுமாம். கொடுக்கலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள், சகோதரி. டிரைவர் கிடைக்காமல் வண்டிகள் நிற்கும் தொழிலில், வேலைக்கு வருபவரே பணம் கட்டிச் சேர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. உரிமம் ஓட்டுபவரிடம்தான் இருக்க வேண்டும். நிறுவனம் நகலை வைத்துக்கொள்ளட்டும். அசல் உரிமம் அவர்களிடம் சிக்கிவிட்டால், சம்பள பாக்கியை விட்டுக்கொடுத்துத்தான் உங்கள் தம்பி அதை மீட்க வேண்டியிருக்கும். சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதானாலும், அது அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும், பிடிக்கும் முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதைச் சேரும்போதே பணிவாகவும் தெளிவாகவும் பேசிவிடச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: மாதச் சம்பளம் நல்லதா, டிரிப் கணக்கு நல்லதா?
– வாசகர், மீஞ்சூர்

பதில்: புதியவர் என்றால் மாதச் சம்பளமும் படியும்தான் நல்லது. இங்கிருந்து டெல்லிக்கு அருகிலுள்ள குருகிராமுக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிச் சேர்ந்த பிறகு, கேரியரில் காரைத் தவிர வேறு சரக்கை ஏற்ற வழியில்லை என்பதால், அதை ஒட்டிய மானேசர் பக்கமோ புனேவுக்கு அருகிலுள்ள சாக்கன் பக்கமோ திரும்பு லோடுக்காகப் பல நாள் காத்திருக்க நேரலாம். மாதக் கடைசியில் ஆலைகள் வேகமாகக் கார்களை அனுப்பும். மாதத் தொடக்கத்தில் யார்டுகள் மந்தமாகிவிடும். டிரிப் கணக்கில் சேர்ந்தவருக்கு அந்தக் காத்திருப்பு நாள்களில் வருமானம் இல்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும் உண்டு. டிரிப் கணக்குத்தான் என்று நிறுவனம் உறுதியாகச் சொன்னால், காத்திருக்கும் நாளுக்கு எவ்வளவு படி, டோலுக்கும் டீசலுக்கும் அட்வான்ஸ் எப்போது வரும், ஊர் திரும்பியபின் எத்தனை நாளில் கணக்கு முடிப்பார்கள் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே வண்டியில் ஏறுங்கள்.