அலுமினிய ஃபாயிலும் அரண்மனையும்

கேள்வி: பிறந்தநாள், வளைகாப்புப் படங்கள் எடுக்கிறேன். லண்டனின் செசில் பீட்டன் போலப் பெரிய இடத்து போட்டோகிராபர் ஆக ஆசை. அவருடைய வெள்ளிப் பின்னணிக்காகச் சுவரில் அலுமினிய ஃபாயில் ஒட்டினேன். நடுவில் வெள்ளைத் திட்டு, முகமும் தட்டை. அவருக்குப் பணமும் தொடர்பும் இருந்தன. எனக்குப் பன்னிரண்டடி அறையும் ஒரு பிளாஷும்தான். வழி உண்டா?

பதில்: முதலில் அந்தத் திட்டு. பிளாஷ் கேமரா தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. நேரே போகும் வெளிச்சம் ஃபாயிலில் பட்டு நேரே லென்ஸுக்குத் திரும்புகிறது. முகம் தட்டையாவதும் அதனால்தான். பிளாஷைக் கழற்றி, தள்ளி வைத்தே அதை இயக்கும் டிரிகரில் போடுங்கள். 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு இரண்டடி மேலே, வெள்ளைக் குடை வழியாக அடியுங்கள். குடைக்கும் ஃபாயிலுக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டை. அதை நகர்த்த நகர்த்தப் பின்னணியின் மினுமினுப்பு கூடும், குறையும்.

ஃபாயிலை இழுத்து ஒட்டாதீர்கள். கசக்கி, பாதி பிரித்து, 4 அடிக்கு 6 அடி தெர்மாகோலில் ஒட்டுங்கள். நீளவாக்கில் ஒட்ட, 30 செ.மீ. ரோலில் ஆறு துண்டுகள் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று இரண்டு அங்குலம் ஏறட்டும். கத்தரியால் வெட்டிய விளிம்பு படத்தில் கோடாக விழும், கையால் கிழியுங்கள். ஆள் ஃபாயிலுக்கு 5 அடி முன்னால். ஆளிலிருந்து கேமரா 6 அடி. இடம் போதாவிட்டால் வாசற்படியில் நில்லுங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் 85 மி.மீ. லென்ஸ், எஃப் (லென்ஸ் திறப்பு) 2.8; சின்ன சென்சாருக்கு 50 மி.மீ., எஃப் 2. எஃப் 8 வைத்தால் சுருக்கங்கள் துல்லியமாகத் தெரிந்து, அது சமையலறை ஃபாயில் என்பது அம்பலமாகிவிடும்.

பீட்டனின் பணத்தைப் பற்றி: அப்பா மர வியாபாரி. வசதியான வீடுதான், ஆனால் பிரபு வம்சம் இல்லை. கேமராவும் டெவலப்பிங்கும் வீட்டுத் தாதியிடம் கற்றது; அந்தத் தாதியிடம் ஒரு கோடாக் 3ஏ கேமரா இருந்தது. மாடல்கள் அம்மாவும் தங்கைகள் நான்சி, பாபாவும். எடுத்த படங்களைப் பத்திரிகைகளுக்கு அனுப்பி, 'இந்த பீட்டன் நன்றாக எடுக்கிறார்' என்று புனைபெயரில் தானே சிபாரிசும் செய்தார்! வோக் ஃபேஷன் இதழில் வந்த முதல் படம், கேம்பிரிட்ஜில் நாடக அரங்கின் ஆண்கள் கழிப்பறைக்கு வெளியே எடுத்தது. ஃபோகஸ்கூடச் சரியில்லை. அதற்காக நீங்களும் புனைபெயரில் எழுத வேண்டாம். வீட்டு ஆட்களை வைத்து எடுத்த பத்துப் படங்கள் போதும்.

அவர் சறுக்கியது கேமராவால் அல்ல. 1938-ல் அமெரிக்க வோக்குக்கு வரைந்த ஓவியத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில் யூதர்களை இழிவுபடுத்தி எழுதினார், வேலை போனது. மறுவருடம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி எலிசபெத் அரசி படமெடுக்க அழைத்ததும், பிறகு போர்க்காலப் படங்களும் அவரைத் தூக்கிவிட்டன. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி நீங்கள் வாடிக்கையாளர் வீட்டு விஷயத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள். பெரிய இடத்தில் ஒரு வீட்டுக் கதவு சாத்தினால் பத்து வீட்டுக் கதவும் சாத்தும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 1974-ல் பக்கவாதம் வந்தபின் பீட்டனுக்குக் கைகொடுத்தது பழைய நெகடிவ்கள்தான். 1977-ல் அவற்றை சோத்பீஸ் ஏல நிறுவனத்துக்கு விற்றார். அரச குடும்பப் படங்களும் வோக் வசமிருந்தவையும் அதில் சேரவில்லை. உங்கள் படங்களும் நாளைக்குக் கைகொடுக்க வேண்டுமானால் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். ஆனால் இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு அவர்தான் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அதனால் அட்வான்ஸ் வாங்கும் ரசீதிலேயே, 'பதிப்புரிமை போட்டோகிராபருக்கு. விளம்பரத்தில் பயன்படுத்த வாடிக்கையாளரின் அனுமதி தேவை' என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.